கூரை போடாத வண்டி

பதினோரு வருஷம் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்து, ஆணியிலிருந்து அச்சு வரைக்கும் தன் கையாலேயே தேய்த்துத் துடைத்து நிமிர்த்தி எடுத்த அந்த இங்கிலாந்து வண்டிக்கு ஆழ்வாரப்பன் கூரை மட்டும் போடவில்லை. மழையே பெய்யாத ஊரில் வண்டிக்குக் கூரை எதற்கு என்று அவர் நினைத்தது வெயிலுகந்தான்பட்டியில் பிறந்த யாரும் நினைக்கக்கூடியதுதான். அதனால் பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கரிசல்காட்டுக்கு நடுவில் இருந்தது ஊர். சித்திரை வைகாசியில் மண் வெடித்த வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். வீட்டுச் சாவியைத் தொலைத்த பெண்கள் முதலில் அங்கேதான் தேடுவார்கள். வானம் பார்த்து விதைத்து, வானம் பார்த்து அறுத்து, வானம் பார்த்தே சலித்துப்போன ஜனங்கள். அந்த ஊரில் மழையை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் மட்டும்தான், அவர்களுக்குக் குச்சி காய வேண்டும். அவர்கள் பிரார்த்தனைதான் பலித்துக்கொண்டிருந்தது. மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம்.

ஆழ்வாரப்பன் ஊர்க்கோடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட்டு அச்சுக்குப் புஷ் என்கிற வளையம் கடைவது, மாடு கட்டி இறைத்த கமலைக்கிணறுகள் செத்த பிறகு மிஞ்சிய இரும்பை வேறு எதற்காவது ஆக்குவது, இதுதான் வேலை. நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்று சொல்வது சரியில்லை, கல்யாணம் அவர் நின்ற இடத்தில் நிற்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன இடங்களில் அவர் வாயைத் திறக்க மாட்டார். பேச வேண்டிய நேரத்தில் அந்த வீட்டுக் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டிருப்பார், கீல் கிறீச்சிட்டால் எழுந்து போய் அதைச் சரி செய்து விட்டு வருவார். கதவைச் சரி செய்துகொண்ட வீட்டார் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்கள். அம்மா இருந்தவரை சோறு இருந்தது, அம்மா போன பிறகு சுப்புத்தாயின் இட்லிக்கடை இருந்தது.

வண்டியை அவர் கண்டுபிடித்தது தூத்துக்குடியில், பஞ்சுப் பொதி அமுக்குகிற இயந்திரம் ஒன்றைப் பழுது பார்க்கப் போன இடத்தில். குடோனின் கடைசி மூலையில் பொதிகளை நகர்த்தியபோது கீழே அது கிடந்தது. தாழ்ந்த முதுகு, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரம் நான்கு, இருக்கை இரண்டே இரண்டு. மூக்கிலிருந்த பித்தளை முத்திரையை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள், அதனால் அதன் பெயர் கடைசிவரை ஊரில் யாருக்கும் தெரியாது. மில்லில் என்ஜினீயராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதாம், ஊர் திரும்பும்போது அவருக்கு அதைக் கொண்டுபோக மனசு வரவில்லையாம். ஆழ்வாரப்பன் பார்த்தது அதன் மூக்கையோ சக்கரத்தையோ அல்ல. ஓட்டுகிறவர் உட்காரும் வலது இருக்கை நைந்து, அழுந்தி, தோல் கிழிந்து, தேங்காய் நார் வெளியே தெரிந்தது. இடது இருக்கையோ கடையிலிருந்து நேற்று வாங்கி வைத்த மாதிரி இருந்தது. தோலில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தத் துரை எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் அத்தனை வருஷமும் தனியாகவே ஓட்டியிருக்கிறார் என்பது ஆழ்வாரப்பனுக்குப் புரிந்தது. பஞ்சு பறந்துகொண்டிருந்த அந்தக் குடோனில் அந்தத் தோலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பழைய இரும்பென்று எடைபோட்டு வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

பதினோரு வருஷம் என்பது சும்மா இல்லை. அந்த வண்டியின் திருகுமரை நம் ஊர் மரை இல்லை. பட்டறையில் இருந்த ஒரு ஸ்பானரும் அதன் நட்டுக்குப் பொருந்தவில்லை, ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வண்டியைத் தொடுவதற்கான ஸ்பானர்களையே லேத்தில் கடைந்து செய்யவேண்டியிருந்தது. உடம்புக்குள்ளே மரச்சட்டம் இருந்தது, அது கரையான் தின்று மாவாகியிருந்தது, உழவுக் கலப்பைக்கு ஆகிற நாட்டுக் கருவேலத்தில் புதுச்சட்டம் செதுக்கிப் போட்டார். கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவில் மூச்சு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் தடுமாறும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இதன் வாயிலும் அதன் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டின் இரைச்சலும் ஒன்றாகிறவரை திருகைத் திருப்பிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு காரியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முகம் யாரோ அவரிடம் அந்தரங்கமாகப் பேசுவது போல இருக்கும். பேச ஆளில்லாத மனுஷனுக்கு அதுவும் பேச்சுத்தானே. வலது இருக்கைக்கு மாட்டுத்தோல் வாங்கித் தைத்தார். இடது இருக்கையை வேப்பெண்ணெய் தொட்டுத் துடைத்ததோடு சரி.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, வண்டி முதல்தடவையாகத் தெருவுக்கு வந்தது. பட்டறையிலிருந்து ஊருணி வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆழ்வாரப்பன் தனியாக ஏறி உட்கார்ந்தார். பிள்ளையார் கோயில் முக்கைத் திரும்பும்போது அவர் தலைக்கு மேல் ஒரு கயிற்றுக் கட்டில் அளவுக்கு மேகம் கூடி, மழை பெய்தது.

நம் மழை இல்லை அது. நம் மழை இடித்து மின்னி, கூப்பாடு போட்டுக்கொண்டு வந்து, கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இது சன்னமாக, குளிர்ச்சியாக, அவசரமில்லாமல், சத்தமே இல்லாமல் பெய்தது. பெய்கிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. அந்தக் காலத்தில் கப்பலில் சமையல் பார்த்த பாக்கியநாதன் கடைவாசலில் நின்று ஒரு சொட்டைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். "லிவர்பூல்ல இப்பிடித்தான் பெய்யும்," என்றார். "நாலு நாள் பெய்யும், ஒரு ஆளு அதுகிட்டப் பேச மாட்டான்."

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமில்லை, பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வண்டி மெதுவாகப் போனது, இரண்டு பக்கமும் குடங்கள் ஓடின. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. கூட ஒரு ஆள் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தால் மழை நின்றுவிடும். அதை முதலில் கண்டது அம்பட்டர் சன்னாசி. ஏறி உட்கார்ந்தார், நின்றது, இறங்கினார், பெய்தது. பிறகு ஊரே பரீட்சை பார்க்க ஆரம்பித்தது. பருத்திவிதை மூட்டையை வைத்தார்கள், பெய்தது. கைப்பிள்ளையைக் கிடத்தினார்கள், நின்றது. கோழியை மழை மதிக்கவில்லை. வெள்ளாட்டை ஏற்றியபோது தூறலாகக் குறைந்தது. கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் நல்லையா யோசனை ஒன்று சொன்னார், ஆழ்வாரப்பனுடைய அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வந்து மாலையோடு இடது இருக்கையில் சாய்த்து வைத்தார்கள். மழை இரண்டு மடங்கானது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆழ்வாரப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் வழிந்தது எல்லாமே மழைதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

மழை எதைக் குடித்து வளர்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வண்டி தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஊருணிக் கரையில் நிற்கவேண்டும், ஆழ்வாரப்பன் அதில் ஆறு மணிவரை தனியாக உட்கார்ந்திருக்கவேண்டும் என்று ஏற்பாடானது. அந்த நேரத்துக்கு மழைநேரம் என்று பெயர் வந்தது. மழைநேரத்தில் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது, பிள்ளைகள் அவர் காதுபடச் சிரிக்கக்கூடாது. அடுத்த தெருவில் கல்யாண மேளம் கேட்டால் மழை தடிக்கிறது என்று தெரிந்ததும் முகூர்த்தம் காலையிலும் ஊர்வலம் நாலு மணிக்கும் என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். கட்டில் அளவு மேகம் பந்தல் அளவானது, பந்தல் அளவு மேகம் ஊருணி அளவானது. வண்டிக்குள் தண்ணீர் தேங்காமலிருக்க ஆழ்வாரப்பன் அடித்தகட்டில் நாலு துளை போட்டார். இப்போது கூரை போட்டுக்கொள்ளுங்களேன் என்று யாரும் சொல்லவில்லை. நனைந்தால்தானே பெய்யும் என்ற பயம்.

அன்புக்குக் குறைச்சல் இல்லை, அதையும் சொல்லவேண்டும். காலையில் இட்லி, மதியம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுச் சோறு, வேட்டி துவைக்க ஒரு வீடு, பட்டறை பெருக்க ஒரு வீடு. பெண்டாட்டி இருந்தால் கிடைக்கக்கூடியது எல்லாம் கிடைத்தது, பெண்டாட்டியைத் தவிர. வெளியூர்த் தரகர் ஒருவர் விஷயம் தெரியாமல் ஜாதகத்தோடு வந்தபோது தலைவர் நல்லையா அவரை பஸ் ஸ்டாப்பிலேயே நிறுத்தி, பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, வந்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார். சோற்றுத்தூக்கை ஆழ்வாரப்பன் பட்டறை வாசலில் வைத்துவிட்டு எல்லோரும் சட்டென்று போய்விடுவார்கள். இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் அன்றைக்கு ஊருணியில் ஒரு குடம் குறையுமே.

இந்த நேரத்தில்தான் எப்சிபா வந்தாள்.

வானத்தில் மேகமே இல்லாத ஒரு வட்டாரத்தில் ஒரே ஓர் ஊரில் மட்டும் தினமும் மழை என்று காகிதம் போனால் அரசாங்கம் சும்மா இருக்குமா. மழை அளக்கிற ஆபீஸிலிருந்து அளந்து எழுத ஆள் அனுப்பினார்கள். நாசரேத்துக்காரி, நாற்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒரு புனல், ஒரு பாட்டில், கோடு போட்ட கண்ணாடிக் குவளை, ஒரு கறுப்புக் குடை, இவ்வளவுதான் அவள் சாமான். அவள் ஆபீஸ் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டரைக்கு முடியும். அந்த நேரத்தில் ஊருணிக் கரைக்கு வந்து, பாட்டிலில் சேர்ந்ததைக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுதி, ஊராரும் தெரிந்துகொள்ளட்டும் என்று கரையில் நட்ட கரும்பலகையிலும் சாக்பீஸால் எழுதுவாள். சம்பளம் வாங்குகிற எந்தப் பெண்ணையும் டீச்சர் என்று கூப்பிட்டே பழகிய ஊர், அவளை மழை டீச்சர் என்று கூப்பிட்டது.

"இன்னைக்கு எத்தனை டீச்சர்?" என்று கேட்பாள் சுப்புத்தாய். அவளுக்கு எழுத்து தெரியாது.

"பதினாலு மில்லிமீட்டர்."

"நல்லாருப்பீக."

அளவு சரிதானா என்று பார்க்க எப்சிபா மழைநேரத்திலும் வரவேண்டியிருந்தது. அரசாங்கத்து ஆளை வராதே என்று யார் சொல்வது. வண்டி பட்டறையிலிருந்து ஊருணிக்கு ஆள் நடக்கிற வேகத்தில் வரும், இவள் குடையைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கமாக நடந்து வருவாள். முதல் ஒரு மாசம் அவர்கள் பேசிக்கொண்டது மழையைப் பற்றி மட்டும்தான்.

"அண்ணாச்சி, கரையில கொஞ்சம் மெதுவா. புனல் ஆடுது."

"சரிங்க."

இரண்டாவது மாசம் அவள் கேட்டாள், "இந்த சீட்டுல யாரும் உக்காந்ததே இல்லையா அண்ணாச்சி?"

"பரீட்சைக்கு உக்காந்திருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். பெண் பார்க்கப் போன வீடுகளில் கதவின் கீலையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்கு ஒரு பெண் சிரிப்பதைப் பார்த்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். ஸ்பானர் செய்த கதை, ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்ட கதை, பஞ்சுப் பொதிக்குக் கீழே சுருக்கமில்லாத தோலைத் தொட்டுப் பார்த்த கதை. அவளும் சொன்னாள். ஊர் ஊராக மாற்றல் வாங்கிக்கொண்டு பத்தொன்பது வருஷம் வானத்திலிருந்து விழுந்ததையெல்லாம் அளந்திருக்கிறாள், வீட்டுக்குத் திரும்பினால் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்க ஒருவரும் இருந்ததில்லை. சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கேட்டவர்தான் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார். வண்டியின் கதவுக்கும் குடைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அவள் அதை ஒரு நாளும் தாண்டவில்லை. கதவின் கைப்பிடியில் கைகூட வைத்ததில்லை.

ஆனாலும் மழை குறைந்தது.

பன்னிரண்டு, ஒன்பது, ஏழு. முதலில் புரிந்தது அவளுக்குத்தான், அளக்கிறவள் அவள்தானே, பலகையில் பார்த்த ஊர் மழை ஏறும் இறங்கும் என்று விட்டுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் பேச்சுவாக்கில் அண்ணாச்சி என்று சொல்லாமல் வெறுமனே "இங்க பாருங்க" என்றாள். மறுநாள் காலை குவளையில் நாலு மில்லிமீட்டர்தான் இருந்தது. எப்சிபா குவளையை மூன்று தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு பத்தொன்பது வருஷ சர்வீஸில் முதல்தடவையாகப் பொய் எழுதினாள். பலகையில் பதினாலு என்று போட்டுவிட்டு, சுப்புத்தாய் கேட்பதற்கு முன்னால் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பலகை பொய் சொல்லும், படித்துறை சொல்லாது. ஊருணியில் ஐந்தாவது படி வெளியே தெரிந்தது, அடுத்த வாரம் எட்டாவது படி. தலைவர் நல்லையா பிள்ளையார் கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டினார். அவர் கெட்டவர் இல்லை. ஊருணி நிறைவதற்கு முன்னால் அவருடைய பெண்டாட்டி இரண்டு மைல் தள்ளியிருந்த கண்மாய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவள், இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை.

"முன்னூறு வீடு," என்றார் அவர். "ஒரு பக்கம் முன்னூறு வீடு, ஒரு பக்கம் ரெண்டு பேரு. நான் வேற என்னத்தச் சொல்ல?"

மழை டீச்சரை வேறு ஊருக்கு மாற்றித் தரும்படி மனு எழுதினார்கள். அவள் நல்லவள், திறமைசாலி, பதவி உயர்வோடு அனுப்பவும் என்று மரியாதையாகவே எழுதினார்கள். முதல் கைநாட்டு சுப்புத்தாய் வைத்தது. அவள் கடையில் இட்லிக்கு ஊறப்போடத் தண்ணீர் வேண்டும். வைத்துவிட்டு, பெருவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், மை போன பிறகும்.

மாற்றல் சாயல்குடிப் பக்கம். எப்சிபா பெட்டியோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது ஆழ்வாரப்பன் வண்டியைத் தெருவில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருந்தார். எட்டிச் சாய்ந்து இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். வாயால் கூப்பிடத் தெரிந்திருந்தால் அவர் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் காலிக்குடத்தோடு நின்றிருந்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஏசவில்லை. நல்லையாவின் பெண்டாட்டி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடி நின்றாள். எப்சிபா அவளைப் பார்த்தாள், குடங்களைப் பார்த்தாள், சுருக்கமில்லாத அந்தத் தோலைப் பார்த்தாள். கண்ணாடிக் குவளையைப் பெட்டியிலிருந்து எடுத்து இருக்கையில் வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"தினமும் எட்டரைக்கு அளந்து ஒரு கார்டுல எழுதிப் போடுங்க," என்றாள். "நம்பர் மட்டும் போதும். எனக்குப் புரியும்."

அவள் பஸ் ஏறிப் போன அன்றைக்கு மழை சாயங்காலத்துக்குக் காத்திருக்கவில்லை. அதே சன்னமான, சத்தமில்லாத, பேச ஆளில்லாத மழை, ஆனால் ஊர் முழுக்க. மறுநாள் ஆழ்வாரப்பன் குவளையைத் தூக்கிப் பார்த்து கார்டில் 90 என்று எழுதினார். அதற்கடுத்த நாள் 104. ஒரு வாரத்தில் ஊருணி நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஜனங்கள் கும்மியடித்தார்கள், பொங்கல் வைத்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் மட்டும் ஈரக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சுக்குத் தண்ணீர் கொண்டுபோன சுப்புத்தாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு துளையும் போதாமல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் காலை வைத்துக்கொண்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் ஆழ்வாரப்பன் உட்கார்ந்திருந்தார்.

"குடிங்க தம்பி."

"வையுங்க அக்கா."

அவள் வைத்துவிட்டு வந்தாள். அவளுடைய புருஷன் பம்பாய்க்கு மில்வேலைக்குப் போய் இருபத்திரண்டு வருஷம், போனவர் போனவர்தான். அன்றைக்குக் கடை அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் இட்லி ஊற்ற மறந்துவிட்டாள்.

தினமும் ஒரு கார்டு போனது. 97, 110, 88. நாற்பது நாள் ஒரு பதிலும் வரவில்லை. நாற்பத்தோராவது நாள் மழைநேரத்தில், தபால்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு கரையேறி வந்து ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆழ்வாரப்பன் அதை மழை படாமல் சட்டைக்குள் வைத்துப் படித்தார். பிறகு இடது இருக்கையில் வைத்தார்.

மழை நின்றது.

குறைந்து நிற்கவில்லை, சட்டென்று நின்றது. மேகம் கலைந்து வெயில் விழுந்தது. ஊர் பதறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தது, யார் ஏறி உட்கார்ந்தது, யார் ஏறி உட்கார்ந்தது என்று கேட்டுக்கொண்டு. இடது இருக்கையில் ஆள் இல்லை. ஒரு கார்டு கிடந்தது.

சுப்புத்தாய்தான் கதவைத் திறந்து அதைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் அவள் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"மூணு."

"மூணுன்னா?"

"மூணு மில்லிமீட்டர்." ஆழ்வாரப்பன் அவள் கையிலிருந்த கார்டையே பார்த்தார். "கீழ எழுதியிருக்காக, அங்க ஊருல மழை இல்லையாம் அக்கா. அவுக வீட்டுக்குள்ள மட்டும் பெய்யுதாம்."

இன்னொரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. பின்னாலிருந்து நல்லையா கெஞ்சுவது மாதிரி சொன்னார், "சுப்புத்தாயி, அந்தக் கார்டைக் கையோட கொண்டாந்துரு. பெய்யட்டும்."

"பெய்யும்," என்றாள் சுப்புத்தாய். "ஒருத்தி எத்தனை நாளைக்கு வீட்டுக்குள்ள கொடை பிடிச்சுக்கிட்டு இருப்பா அண்ணாச்சி?"

நல்லையா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊருணி நெறஞ்சு கெடக்கு. கார்த்திகை வரைக்கும் தாங்கும். பெறகு கண்மாய்க் கெணத்துக்கு நடப்போம். உங்க வீட்டுக்கும் சேத்து நான் ரெண்டு கொடம் எடுத்தாறேன். நாம நடக்காத நடையா?"

கார்டை அவள் மறுபடி இருக்கையில் வைத்தாள். காற்று அடித்துக்கொண்டு போய்விடக்கூடாதென்று சாய்மானத்தின் இடுக்கில் பாதி செருகி வைத்தாள். சொட்டு நின்றது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள், "இந்த வண்டி எவ்வளவு தொலவட்டு ஓடும் தம்பி?"

ஆழ்வாரப்பன் யோசித்துப் பார்த்தார். "தெரியலக்கா. பட்டறைலருந்து ஊருணி, ஊருணிலருந்து பட்டறை. அதுக்கு மேல ஓட்டிப் பாத்ததே இல்ல."

"ஓட்டிப் பாருங்க."

கரையில் கூடி நின்ற ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் முதலில் ஒதுங்கவில்லை, யாரோ ஒருவர் ஒதுங்க எல்லோரும் ஒதுங்கினார்கள். வண்டி பட்டறையைத் தாண்டியது, தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டியது, ஊர் எல்லைக்கல்லைத் தாண்டியது. அதன் நாலு துளையிலிருந்தும் மிச்சத் தண்ணீர் ரோட்டில் நாலு கோடாகச் சிந்திக்கொண்டே போய், சாயல்குடி ரோட்டில் வெயிலில் காய்ந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு சுப்புத்தாய் மட்டும் ஊருணிக் கரைக்குப் போனாள். வானம் வெளிறிக் கிடந்தது. புனலுக்குக் கீழேயிருந்த பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், விரலை விட்டுத் துழாவினாள். உலர்ந்திருந்தது. பிறகு பலகைக்குப் போய், மழையில் கரைந்து வெறும் கறையாக நின்ற பழைய எண்ணை முந்தானையால் துடைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தினமும் இட்லித்தட்டில் மாவு ஊற்றுகிற கைக்கு வட்டம் போடத் தெரியும். பலகைக்குக் கீழே டப்பாவில் இருந்த சாக்பீஸை எடுத்து, பலகை நிறைய, பெரிதாக ஒரு சைபர் போட்டாள்.